மலையகத் தப்பு

தப்பு ஒருமுகத் தோல் கருவி. வட்டமான மரச் சட்டத்தின் ஒரு பக்கத்தில் கன்றுத் தோலைப் போர்த்தி, மறுபக்கத்தைத் திறந்தே விட்டுச் செய்வது. இரண்டு குச்சிகளால் அடித்து முழக்குவது. தமிழ்நாட்டில் இதே கருவியைப் பறை, தப்பு, தப்பட்டை என்று வட்டாரத்துக்கு ஒரு பெயரால் அழைக்கிறார்கள். மலையகம் எனப்படும் இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தோட்டங்களில், ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியா தொடங்கிப் பதுளை வரையில், தப்பு என்ற பெயரே வழங்குகிறது. அதே நாட்டின் கிழக்குக் கரையில் பறைமேளம் எனப்படுவது வேறு கருவி. அது உருளை வடிவானது, இரு பக்கமும் தோல் கட்டியது, இடுப்பில் கட்டிக்கொண்டு அடிப்பது. பறைமேளக் கூத்து என்ற கலைக்கு உரியது. தட்டையான தப்பு, கோப்பிக்கும் தேயிலைக்கும் ஆள் பிடிக்கப்பட்டு வந்த தமிழ்நாட்டுத் தொழிலாளரோடு மலைநாட்டுக்கு வந்தது.

பறை என்னும் சொல்லின் பழைமையில் ஐயமில்லை. தொல்காப்பியம் நிலங்களுக்குரிய கருப்பொருள்களில் பறையையும் சேர்க்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று பிற்கால உரை மரபு பெயரிட்டது. புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார், துடியன், பாணன், கடம்பன் ஆகியோரோடு பறையனையும் ஒரு குடியாக எண்ணுகிறார். ஆனால் பழைய நூல்களில் பறை என்பது பெரும்பாலும் தோல் கருவிகளுக்கெல்லாம் பொதுப்பெயர். அங்கே சொல்லப்படும் ஒவ்வொரு பறையையும் இன்றைய தப்பாகவே எண்ணிக்கொண்டு ஈராயிரம் ஆண்டுப் பெருமை பேசுவது, மேடைக்கு நன்றாக இருக்கும். வரலாற்றுக்கு அவ்வளவு பொருந்தாது.

தோட்டத்துக்கு வந்த தப்பின் உண்மையான முன்வரலாறு 19ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கிராமத்தில் இருக்கிறது. அங்கே அது கலை என்பதைவிடக் கடமையாகவே இருந்தது. இழவு வீட்டில் அடிப்பது, கோயில் கொடையில் அடிப்பது, ஊராருக்குச் செய்தி அறிவிப்பது ஆகியவை பறையர் சாதியாரின் மேல் சுமத்தப்பட்டிருந்தன. பல ஊர்களில் சக்கிலியரும் இதே வேலையைச் செய்தார்கள். கூலி களத்து நெல்லாக வந்தது. மறுக்க வழியில்லை. கருவியைத் தொட்டவரையே தீட்டு என்று ஒதுக்கிய ஊர், அந்தக் கருவி இல்லாமல் ஒரு பிணத்தையும் எடுக்கவில்லை.

1820களில் ஜோர்ஜ் பேர்ட் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டம் தொடங்கியதை மலைநாட்டுப் பெருந்தோட்டங்களின் தொடக்கமாகக் கொள்வார்கள். சேலம், திருச்சி, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து ஆள் திரட்டிக் கொண்டுவந்தவர்கள் கங்காணிகள். பாக்குநீரிணையைத் தோணியில் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளை, மாத்தளை என்று நடந்தே கண்டிச் சீமைக்கு வந்தார்கள். வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானவர்கள் மிகப் பலர். தோட்டத் தொழிலாளரில் பெரும் பகுதியினர் பறையர், பள்ளர், சக்கிலியர் என்னும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். ஆகவே தப்பை அடிக்கவும் செய்யவும் தெரிந்தவர்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் இருந்திருப்பார்கள் என்று கொள்வதில் தவறில்லை.

கோப்பிக்கும் தேயிலைக்கும் உள்ள வேறுபாடு தப்பின் கதையில் முக்கியமானது. கோப்பிக்கு ஆள் அதிகம் தேவைப்பட்டது பழம் பறிக்கும் சில மாதங்களில். அறுவடை முடிந்ததும் பெரும்பாலோர் ஊருக்குத் திரும்பினார்கள். 1869 இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டு, அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பி அழிந்தது. 1867 இலேயே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி விட்ட இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலையில் ஆண்டு முழுவதும் கொழுந்து வரும். ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும்; கொழுந்தெடுக்கப் பெண்கள் வேண்டும். குடும்பம் குடும்பமாக, லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் குடியேற்றினார்கள். வந்து போகும் கூலிக்கு ஊர்த் திருவிழா ஊரிலேயே இருந்தது. தங்கிவிட்ட குடும்பத்துக்குக் கோயிலும் கூத்தும் சாவுச் சடங்கும் லயத்திலேயே வேண்டியிருந்தன. தப்பை மலைநாட்டில் வேரூன்ற வைத்தது தேயிலைதான்.

இதே காலத்தில் கடல் கடந்த மற்றத் தமிழர்களோடும் இக்கருவி போயிற்று. பிரெஞ்சுத் தீவுகளான குவாதலூப், மார்த்தினிக் ஆகியவற்றில் தமிழர் வழிவந்தோர் மாரியம்மன் வழிபாட்டில் அடிக்கும் தட்டை மேளத்துக்கு இன்றும் தப்பு என்பதன் திரிபே பெயர். கயானாவின் காளிமாயி பூசையிலும் தப்பு ஒலிக்கிறது. தமிழ் பேசுவது பல தலைமுறைகளுக்கு முன்பே நின்றுபோன இடங்கள் அவை.

தோட்டத்தில் தப்புக்குக் கிராமத்தில் இல்லாத ஒரு புது வேலை கிடைத்தது. அதுதான் பெரட்டுத் தப்பு. காலையில் வேலையாட்களை ஒன்றுகூட்டி எண்ணி, வேலை பிரித்துக் கொடுப்பதற்குப் பெரட்டு என்று பெயர். கூடும் இடம் பெரட்டுக்களம். காம்பரா எனப்படும் லயத்து அறைகளில் அப்போது கடிகாரம் கிடையாது. விடியுமுன் இருட்டில், தப்புக்காரர் லயத்தை ஒட்டி நின்று அடிப்பார். அந்த ஒலி கேட்டதும் எழுந்து, அடுப்பு மூட்டி, சாயத்தண்ணீர் குடித்து, ரொட்டி சுட்டுக் கட்டிக்கொண்டு, கைக்குழந்தை இருந்தால் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் விட்டு, பனியிலும் மழையிலும் பெரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும். துரையோ கணக்கப்பிள்ளையோ நிற்க, கங்காணி ஆட்களைக் காட்ட, இன்ன மலைக்குக் கொழுந்து, இன்ன மலைக்குச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து, இன்னாருக்கு வடிகால் வெட்டும் கான்வெட்டு என்று பிரிவினை நடக்கும். பிந்தி வந்தவரைத் திருப்பி அனுப்பும் வழக்கம் இருந்தது. திரும்பினால் அன்றைக்குப் பேர் இல்லை, கூலியும் இல்லை.

பெருந்தோட்டம் இருந்த இடமெல்லாம் இப்படி ஒரு ஒலி இருந்தது. கரீபியன் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளை எழுப்பச் சங்கு ஊதினார்கள். அமெரிக்காவின் தென்பகுதிப் பருத்தித் தோட்டங்களில் மணி அடித்தார்கள். இலங்கை மலைநாட்டில் நிர்வாகம் பயன்படுத்தியது தொழிலாளரின் சொந்தக் கருவியை. ஊரில் சாமிக்கும் சாவுக்கும் முழங்கியது இங்கே துரையின் கடிகாரமாயிற்று. தோட்டத் துரைமார் விட்டுச்சென்ற நினைவுக் குறிப்புகளில் விடியற்காலைத் தமுக்கு அடிக்கடி வருகிறது. மாலையில் அதே ஆட்கள் அதே தோலில் அடித்த மற்ற அடிகள் துரைமார் பலருடைய காதில் வெறும் இரைச்சலாகவே விழுந்தன. அந்தக் குறிப்புகளை மட்டும் வைத்துத் தப்பை எழுதினால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

மறுபாதியை எழுதியவர்கள் தோட்டத்திலேயே பிறந்தவர்கள். மடக்கும்புர தோட்டத்தில் 1914 இல் பிறந்து, 1947 இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் சென்ற ஸி. வி. வேலுப்பிள்ளை, தேயிலைத் தோட்ட வாழ்வைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதையை விடியல் தப்பின் ஒலியோடுதான் தொடங்கினார். சக்தீ பால ஐயா அதைத் தேயிலைத் தோட்டத்திலே என்ற பெயரில் தமிழாக்கினார். லயத்துப் பாடல்களைத் தேடித் திரட்டியவரும் வேலுப்பிள்ளையே. அவருக்குப் பின் மாத்தளை வடிவேலன் மலையகத்தின் பாரம்பரியக் கலைகளைத் தனி நூலாகவே எழுதினார்.

தப்பின் கட்டமைப்பு பார்வைக்கு எளியது. சட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர். அகலம் மூன்று நான்கு விரல். வளைவான மூன்று மரத் துண்டுகளைச் செதுக்கி, முனையோடு முனை பொருத்தி, இரும்புத் தகடு வைத்து ஆணி அடித்து வட்டமாக்குவது பழைய முறை. ஒரே பலகையை வளைப்பதைவிட இது நல்லது. வளைத்த பலகை ஈரத்தில் முறுகிக்கொள்ளும்; மூன்று துண்டுச் சட்டம் தோலின் இழுப்பைச் சமமாகத் தாங்கும். தமிழ்நாட்டில் வேம்பு, பலா, பூவரசு ஆகியவை சட்டத்துக்கு விருப்பமான மரங்கள். கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல் இருக்கும் நுவரெலியாவின் குளிரில் வேம்பு வளராது. மலைநாட்டில் பலா முதலான மரங்களைப் பள்ளத்தாக்குகளிலிருந்து தேட வேண்டியிருந்தது.

தோலுக்குக் கன்றுத் தோலே சிறந்தது. முதிர்ந்த மாட்டுத் தோல் தடித்து, ஓசை மந்தமாகும். ஆட்டுத் தோல் மெலிந்து, ஓங்கி அடித்தால் கிழியும். பச்சைத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் களைந்து, ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டி, இழுத்துக் கட்டி உலர்த்த வேண்டும். சட்டத்தில் போர்த்துமுன் மறுபடியும் நனைத்து இளக்குவார்கள். புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, அரைத்துக் காய்ச்சிய பசையைச் சட்டத்தின் வெளிப்புறத்தில் தடவி, தோலைப் போர்த்து ஒட்டுவார்கள். தோலின் விளிம்பில் துளையிட்டு, பின்புறமாகத் தோல் வாரையோ கயிற்றையோ குறுக்கும் நெடுக்கும் கோத்து, எல்லாப் பக்கமும் ஒரே சீராக இழுத்துக் கட்டிக் காயவிட வேண்டும். இந்த இழுப்பில்தான் செய்பவரின் கைத்திறன் இருக்கிறது. ஒரு பக்கம் தளர்ந்தாலும் கருவிக்கு இரண்டு குரல் வந்துவிடும்.

மிருதங்கத்துக்குள்ளதுபோல் இதற்குச் சோறோ கரணையோ கிடையாது. சுதியை முறுக்கி ஏற்ற ஆணியும் கிடையாது. சுதி ஏற்றுவது நெருப்பு. தோலில் உள்ள நார்கள் காற்றின் ஈரத்தை உறிஞ்சி நீளும், தோல் தொய்யும், ஓசை பொத்தென்று விழும். அனலில் காட்டினால் ஈரம் வெளியேறி, நார்கள் சுருங்கி, தோல் விறைத்துக்கொள்ளும். இராமநாதபுரத்து வெயிலில் ஒருமுறை காய்ச்சினால் நெடுநேரம் தாங்கும் தப்பு, ஹற்றன் மழையில் அடிக்கடி நெருப்பைக் கேட்கும். அதனால் மலைநாட்டுக் கூத்துக்களத்தின் ஓரத்தில் எப்போதும் ஒரு நெருப்பு எரியும். கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சிகளான மிலாறு அதற்கு நல்ல விறகு. சருகும் பழைய தாளும் சுள்ளென்று எரிந்து உடனே சூடு தரும். அனலுக்கு எவ்வளவு அருகில், எவ்வளவு நேரம் என்பதைக் கைதான் சொல்ல வேண்டும். கொஞ்சம் மிஞ்சினால் தோல் கருகி வெடித்துவிடும். காய்ச்சிக் காய்ச்சி, தட்டிப் பார்த்து, கணீரென்று வந்த பிறகே தோளில் மாட்டுவார்கள்.

அடிக்கும் குச்சிகள் இரண்டும் ஒன்றுபோல் இருப்பதில்லை. வலக்கையில் பிடிப்பது அடிக்குச்சி. ஏறத்தாழ 18 சென்ரிமீற்றர் நீளமான தடித்த மரக்குச்சி. இடக்கையில் சிம்புக்குச்சி, மூங்கிலைச் சீவிய மெல்லிய குச்சி, ஏறத்தாழ 28 சென்ரிமீற்றர். தப்பு இடத் தோளிலிருந்து வாரில் தொங்கும். இடக்கை சட்டத்தை அணைத்துக்கொண்டே சிம்பையும் ஆட்ட வேண்டும். அடிக்குச்சி தோலின் நடுப்பக்கம் விழுந்து கனத்த ஓசை தரும். சிம்பு மேல் விளிம்பை ஒட்டித் தட்டிக் கூர்மையான ஓசை தரும். இரண்டும் ஒன்றாக விழுவது மூன்றாவது ஓசை. இந்த மூன்றையும் கொண்டே அத்தனை அடிகளும் கட்டப்படுகின்றன. நடந்துகொண்டும் குதித்துக்கொண்டும் அடிக்க முடிவது தப்பின் தனி வசதி. அடிப்பவரே ஆடுபவராகவும் இருப்பது அதனால்தான்.

அடியைக் கேட்டே லயத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். சாமி அழைக்கும் அடி வேறு, சாவு அடி வேறு. சாவு விழுந்தால் முதலில் தெரிவிப்பது தப்பு. அடுத்த மலையில் கொழுந்தெடுப்போருக்கும் கேட்கும். அதன் பிறகே ஆள் அனுப்பிச் சேதி சொல்வது. நீர்மாலை எடுக்கும்போதும், பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைக்கும்போதும், பாடை தேயிலைச் செடிகளுக்கு நடுவே இறங்கும்போதும் அடி மாறும். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் கரகம் பாலிக்கவும், முனியாண்டிக்குப் பூசை போடவும், தொழிற்சாலைச் சக்கரத்தையே தெய்வமாக்கிய ரோதமுனிக்குக் கிடாய் வெட்டவும் தப்பு வேண்டும். அருள் வருவதும் வராததும் தப்புக்காரரின் கையில் என்று தோட்டத்தில் பாதி விளையாட்டாகவும் பாதி நம்பிக்கையாகவும் சொல்வார்கள்.

தப்பு தன் முழு ஆற்றலையும் காட்டும் இடம் காமன் கூத்து. பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் மலையகத்தில் ஆடப்படுகின்றன. என்றாலும் காமன் கூத்தே மலையகத்தின் பெருங்கூத்து. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை கண்டு, காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். அன்று முதல் மாலைதோறும் தப்பு முழங்கும். சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதன் போவது, ரதி தடுப்பது, நெற்றிக்கண் நெருப்பில் மன்மதன் எரிவது, ரதி புலம்புவது, பின் அவன் மீண்டும் எழுப்பப்படுவது என்று கதை போகும். முக்கிய கருவி தப்பு. ரதியும் மன்மதனும் வரும்போது அடி இளகி நடக்கும். ஓலை கொண்டுவரும் தூதன் களத்தில் குதிக்கும்போது அது தலைதெறிக்கும் வேகம் கொள்ளும். வீரபத்திரருக்கும் எமனுக்கும் தனித்தனி வரவு உண்டு. ஆடுபவர் தப்பைப் பார்ப்பதும் தப்புக்காரர் ஆடுபவரின் காலைப் பார்ப்பதுமாக விடியும்வரை நடக்கும். பெரட்டுத் தப்புக்கு எழுந்து ஓடியவர்கள், இந்தத் தப்புக்காக உறங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். காமன் எரிந்த மறுநாள் காலையிலும் பெரட்டு இருந்தது.

20ஆம் நூற்றாண்டின் நடுவில் அடித்த புயல் கூத்தையும் தாக்கியது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் ஏற்பாடு செய்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. ஒரு லயத்தில் ஒரு காம்பரா இங்கே, அடுத்த காம்பரா அங்கே என்று பிரிந்தன. கூத்து தனியொருவரின் சொத்தாக இருக்க முடியாது. வாத்தியார் கப்பலேறினால் பாட்டுப் போயிற்று. தப்புக்காரர் போனால் அடி போயிற்று. கோத்தகிரி, கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய தாயகம் திரும்பியோர் தம் பழக்கவழக்கங்களையும் உடன் கொண்டுசென்றார்கள்.

பெரட்டுத் தப்பின் வேலையைக் காலப்போக்கில் மணியும் தொழிற்சாலைச் சங்கொலியும் எடுத்துக்கொண்டன. அது போனதற்கு வருந்த ஒன்றுமில்லை. கடினமான கேள்வி சாவுத் தப்பு பற்றியது. சாதியின் பெயரால் சுமத்தப்பட்ட தொழிலைப் பிள்ளைகள் செய்யக் கூடாது என்று எண்ணிய பெற்றோர், தப்பைத் தொடாதே என்று சொல்லி வளர்த்தார்கள். அந்த முடிவு நியாயமானது. கருவியின் அழகைச் சொல்லி அதைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. தமிழ்நாட்டிலும் இதே மறுப்பு எழுந்தது. பின்னர், குறிப்பாக 1990களிலிருந்து, தலித் இயக்கங்களும் கலைக்குழுக்களும் அதே கருவியை விடுதலையின் ஓசையாக மேடையேற்றின. பெண்களும் தோளில் மாட்டினார்கள். மதுரையை அடுத்த அலங்காநல்லூரின் பறை ஆசான் வேலுவுக்கு 2025 இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. மலையகத்திலும் மே தின ஊர்வலத்தின் முன்னும், கலைவிழா மேடையிலும் தப்பு வந்திருக்கிறது. மேடைக்கு வரும் தப்புக்குக் கிடைக்கும் கைதட்டல், லயத்தில் இழவுக்கு அடிக்கும் முதியவருக்கு இன்னும் மரியாதையாக மாறவில்லை.

கருவியும் மாறி வருகிறது. இரும்பு வளையத்தில் செயற்கைத் தோல் பூட்டி, திருகாணியால் சுதி ஏற்றும் தப்புகள் தமிழ்நாட்டில் பரவலாக விற்பனையாகின்றன. மழைக்குத் தொய்யாது, நெருப்புத் தேவையில்லை. பள்ளிப் பிள்ளைகள் பழக வசதியானது. கன்றுத் தோலின் கனத்த ஓசை அதில் வராது.

தோல் தப்பைக் கேட்க விரும்புவோர் மாசி மாதத்தில் ஹற்றன், தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் காமன் எரியும் இரவுக்குப் போக வேண்டும். அது பௌர்ணமியை ஒட்டி வரும். எந்தத் தோட்டத்தில் எந்த நாள் என்பது அங்கே விசாரித்தால் தெரியும். கூத்து விடியும்வரை நடக்கும், பனி கடுமையாக இருக்கும். கம்பளி எடுத்துச் செல்லுங்கள். இடம் பிடிப்பதானால் தப்புக் காய்ச்சும் நெருப்பின் பக்கமாகப் பிடியுங்கள்.